கட்டவிழ்க்கும் வேலை

தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு, முதலாம் ஆண்டு
எசேக்கியேல் 37:12-14, உரோமையர் 8:8-11, யோவான் 11:1-45



இன்றைய முதல் வாசகம் மூன்றே வசனங்களில் முடிந்துவிட்டது. கல்லறைகளைத் திறந்து தம் மக்களை வெளியே கொண்டுவருவதாகவும், தம் ஆவியை அவர்களுக்குத் தருவதாகவும் கடவுள் வாக்களிக்கும் பகுதி மட்டும் வாசிக்கப்பட்டது. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை வீட்டுக்குப் போய் ஒருமுறை வாசியுங்கள். உலர்ந்த எலும்புகள் கிடக்கும் சமவெளியில் கடவுள் எசேக்கியேலை நடக்க வைக்கிறார். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, இவை உயிர் பெறுமா என்று கேட்கிறார். இறைவாக்கினர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். பெறும் என்றும் சொல்லவில்லை, பெறாது என்றும் சொல்லவில்லை. அது ஆண்டவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிடுகிறார். நின்றுபோன மெஷின் நாளைக்கு ஓடுமா என்று மேனேஜர் கேட்டால், அனுபவமுள்ள ஃபிட்டரும் இப்படித்தான் பேசுவார். திறந்து பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டார்.

அங்கே நடந்தது ஒரே நொடியில் நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். முதலில் ஒரு சத்தம். எலும்போடு எலும்பு சேர்கிறது. பிறகு நரம்பு, சதை, மேலே தோல். ஆள் முழுசாகக் கிடக்கிறான், ஆனால் மூச்சு இல்லை. கடவுள் இரண்டாம் முறை பேசச் சொன்ன பிறகுதான் மூச்சு வருகிறது. இடையில் இருக்கிற அந்த நேரம், உடல் சேர்ந்தும் உயிர் வராத நேரம், எவ்வளவு நீளம் என்று வேதம் சொல்லவில்லை. அந்த இடைப்பட்ட நேரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

அதற்கு ஒரு தொழிற்சாலையின் கதை வேண்டும். நம் ஓசூர் சிப்காட்டில் உள்ளது அல்ல. ஆனால் நம்மைப் போலவே எல்லையில் இருக்கிற ஊர். நமக்கு ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நெதர்லாந்து நாட்டின் என்ஸ்கெடே நகரத்துக்கு அடுத்த பக்கம் ஜெர்மனி. ஒரு காலத்தில் நெசவாலைகளால் வாழ்ந்து, ஆலைகள் மூடப்பட்டதும் தடுமாறிய ஊர் அது. அங்கேதான் போலராய்டு நிறுவனம் உடனடிப் படத்துக்கான ஃபிலிம் தயாரித்தது.

இளையவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இப்போது திருமண வரவேற்புகளில் வாசலிலேயே ஒரு சின்ன கேமராவை வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் படம் எடுத்து, அந்த இடத்திலேயே வெளியே வரும் அட்டையை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் வாழ்த்து எழுதச் சொல்கிறீர்களே, அதுதான். அது பெரும்பாலும் ஃபியூஜி நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ், 1998இல் வந்தது. அதற்கு மூத்தது போலராய்டு.

1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எட்வின் லேண்ட் என்ற விஞ்ஞானி குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தார். மூன்று வயது மகள், அப்பா எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று கேட்டாள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்கே தெரியும். சும்மா இரு என்போம். லேண்ட் வெளியே நடந்து போனார். திரும்பி வருவதற்குள் விடையின் பெரும்பகுதி மனதில் உருவாகிவிட்டது என்று பின்னாளில் சொன்னார். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் முன்னால் தன் முகத்தையே படம் எடுத்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரத்துக் கடையில் விற்பனை தொடங்கியது. 1972இல் எஸ்எக்ஸ்-70 வந்தது. கேமராவிலிருந்து அட்டை தானாக வெளியே வரும். உரிக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், கையில் வைத்திருக்கும்போதே உருவம் மெல்ல எழும்.

அந்த அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நம்மில் பலர் கெமிக்கல் பிளான்டிலும் பெயின்ட் ஷாப்பிலும் வேலை செய்கிறவர்கள் என்பதால் சொல்கிறேன். படத்தின் கீழ்ப்பக்கத்து வெள்ளை ஓரம் மட்டும் அகலமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது அல்ல. அதற்குள் ஒரு சின்னப் பை, பைக்குள் காரக் குழம்பு. அட்டை வெளியே வரும்போது இரண்டு உருளைகள் பையை நசுக்கிக் குழம்பை மெல்லிய படலமாகப் பரப்புகின்றன. உள்ளே நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கு ஒவ்வொன்றாக மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றோடும் ஒரு சாயம். எந்த அடுக்கில் ஒளி பட்டதோ அங்கே சாயம் கட்டுண்டு நின்றுவிடும். ஒளி படாத இடத்துச் சாயம் மேலே ஏறி உருவமாகும். குழம்பிலேயே வெள்ளை நிறமியும் இருக்கிறது, படத்தின் பின்புலம் அதுதான். இன்னொரு சாயமும் உண்டு. உருவம் முடியும்வரை வெளிச்சம் உள்ளே போகாமல் கறுப்பாக மறைத்து நின்று, காரம் தணிந்ததும் தன் நிறத்தை இழந்து விலகிக்கொள்ளும். இதையெல்லாம் வைத்து உவமை மேல் உவமையாக ஒரு மறையுரையை நிரப்பிவிடலாம். ஆசை வந்தது. விட்டுவிட்டேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது வேறு.

இந்த நிறுவனம் செத்தது. அது செத்த விதத்தைத் தொழிலாளர்கள் கேட்க வேண்டும். 1988இல், வெளியார் நிறுவனத்தைக் கைப்பற்றிவிடாமல் தடுப்பதற்காக, ஊழியர்களுக்குப் பங்குகள் தரும் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. 2001 அக்டோபரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்தப் பங்குகளுக்கு மதிப்பு இல்லாமல் போனது. சொத்தும் பெயரும் கை மாறின. 2005இல் இன்னொருவர் வாங்கினார். 2008 பிப்ரவரியில் உடனடி ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் அந்த உரிமையாளர் பெரும் பண மோசடி வழக்கில் கைதானார். டிசம்பரில் இரண்டாவது திவால்.

இவ்வளவு நடந்த காலத்திலும் போலராய்டு என்ற பெயர் மட்டும் சாகவில்லை. டிவி மேல் ஒட்டினார்கள். டிவிடி பிளேயர் மேல் ஒட்டினார்கள். எங்கோ யாரோ தயாரித்த சாமான்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சுமந்து கடைக்குப் போயின. எந்த ஒரு பொருளால் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததோ அந்தப் பொருளைத் தயாரிக்கும் மெஷின்களோ பழைய இரும்புக்குப் போகக் காத்திருந்தன.

திருவெளிப்பாடு நூலின் மூன்றாம் அதிகாரத்தில் சர்தை நகரத் திருச்சபைக்கு எழுதப்படும் கடிதம் நினைவிருக்கிறதா? ஏழு திருச்சபைகளுக்கும் கடிதம் போகிறது. சிலருக்குப் பாராட்டு, சிலருக்குக் கண்டிப்பு. சர்தைக்கு வந்த குற்றச்சாட்டுதான் என்னைத் தூங்கவிடாதது: உயிரோடிருப்பதாக அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் செத்துக் கிடக்கிறார்கள் என்பது. உடனே அடுத்த வரியில், சாகும் தறுவாயில் மிச்சம் இருப்பதை உறுதிப்படுத்தச் சொல்கிறார் ஆண்டவர். புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லவில்லை. மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

என்ஸ்கெடேயில் மிச்சம் என்ன இருந்தது? 2008 ஜூனில் தொழிற்சாலையின் நிறைவு விழா. மூடுவதற்கும் ஒரு விழா. ஆந்த்ரே போஸ்மன் என்பவர் அங்கே தயாரிப்புப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். விழாவுக்கு வியன்னாவிலிருந்து ஃபுளோரியன் காப்ஸ் வந்திருந்தார். உயிரியல் படித்தவர், இந்த ஃபிலிம் மீது பித்துப் பிடித்தவர், அதை விற்றவர். இருவரும் பேசினார்கள். காப்ஸிடம் ஆசை இருந்தது. போஸ்மனிடம், எந்த மெஷின் எந்த மாதிரி முரண்டு பிடிக்கும் என்ற அறிவு இருந்தது. ஆசை மட்டும் இருந்தால் இந்தக் கதை ஒரு நினைவஞ்சலியோடு முடிந்திருக்கும். மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பும் வேலையை நிறுத்தினார்கள், பணம் திரட்டி அவற்றை வாங்கினார்கள், கட்டடத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தார்கள். பழைய தொழிலாளர்கள் பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். போலராய்டு என்ற பெயரைப் பயன்படுத்த உரிமை இல்லை. ஆகவே இம்பாசிபிள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் உடல் இல்லாத பெயர். இன்னொரு பக்கம் பெயர் இல்லாத உடல்.

மெஷின் கிடைத்தாலே போதுமா? போதாது. ஃபிலிமுக்கு வேண்டிய பல வேதிப்பொருள்களைத் தயாரித்தவர்களும் நிறுத்திவிட்டிருந்தார்கள். எந்தச் சாயமும், எந்தப் படலமும் பழையது கிடையாது. பழைய சூத்திரம் கையில் இருந்தாலும் அதைப் பின்பற்ற முடியாது. எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட முதல் கறுப்பு வெள்ளை ஃபிலிம், உண்மையைச் சொன்னால், மோசம். கேமராவிலிருந்து வெளியே வந்ததும் வெளிச்சம் படாமல் கையால் மூடிக்கொள்ள வேண்டும். குளிரில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். சில படங்களுக்குள் படிகங்கள் படர்ந்து, சில மாதங்களில் உருவத்தைத் தின்றுவிட்டன. முன்பு ஒரு பாக்கெட்டில் பத்துப் படம் இருந்தது. புதியது தடிமன் கூடியதால் எட்டுதான் அடங்கியது, இன்றுவரை எட்டுதான்.

அதையும் வாங்கினார்கள். நிழற்படக் கலைஞர்கள் அதிக விலை கொடுத்து வாங்கி, வீணான படங்களைத் திருப்பி அனுப்பி, என்ன கோளாறு என்று எழுதி, மறுபடி வாங்கினார்கள். இதைத்தான் எசேக்கியேலின் இடைப்பட்ட நேரம் என்கிறேன். எலும்பு சேர்ந்துவிட்டது, தோலும் மூடிவிட்டது, மூச்சு மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பது கடினம். புதைக்கும்போது கூட நிற்க ஊரே வரும். எழுந்து, தள்ளாடி, துர்நாற்றம் அடிக்க நிற்கிறவனோடு நிற்க எத்தனை பேர் வருவார்கள்?

இப்போது நற்செய்திக்கு வருவோம். இலாசர் நான்கு நாளாகக் கல்லறையில். நாற்றம் அடிக்கும் என்று மார்த்தா ஆண்டவரிடம் நேராகச் சொல்கிறார். இறையியல் பேசிய அதே மார்த்தா, சமையலறை அறிவோடும் பேசுகிறார். இயேசு அழுகிறார். பிறகு இறந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது அவருடைய வேலை, அவரால் மட்டும் முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் அவர் மூன்று முறை மற்றவர்களின் துணையைக் கேட்பதைப் பார்த்தீர்களா? எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். கல்லை அகற்றச் சொல்கிறார், அவர்கள் அகற்றுகிறார்கள். இலாசர் வெளியே வந்ததும், கட்டுகளை அவிழ்த்து அவரைப் போகவிடச் சொல்கிறார். செத்தவனை எழுப்பத் தெரிந்தவருக்கு ஒரு கல்லை உருட்டத் தெரியாதா? நான்கு முழத் துணியை அவிழ்க்க முடியாதா? முடியும். ஆனால் அதை ஊராருக்கு விட்டார். இலாசர் உயிரோடுதான் இருந்தார், ஆனால் கையும் காலும் கட்டுண்டு, முகத்தில் துணி. யாராவது ஒருவர் பக்கத்தில் போய், நான்கு நாள் பிணத்துணியைத் தொட்டு அவிழ்க்க வேண்டியிருந்தது. யூதச் சட்டப்படி அது தீட்டு. அவிழ்த்தது யார் என்று யோவான் எழுதவில்லை. பத்துப் பேராக இருக்கலாம், இரண்டு பேராக இருக்கலாம்.

தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஒரு கம்பெனி மீண்டும் திறந்ததை நான் உயிர்ப்பு என்று சொல்லவில்லை. இலாசரின் எழுச்சியே ஆண்டவரின் உயிர்ப்புக்கு முன்னடையாளம்தான். இலாசர் பிறகு ஒருநாள் மறுபடியும் இறந்தார். அடுத்த அதிகாரத்திலேயே தலைமைக் குருக்கள் அவரையும் கொல்லத் திட்டமிடுகிறார்கள், உயிரோடு எழுந்தவனால் அவர்களுக்கு அவ்வளவு தொந்தரவு. பவுல் இன்று நமக்குச் சொல்வது அதைவிடப் பெரியது: கிறிஸ்துவை எழுப்பிய ஆவி நமக்குள் குடியிருந்தால், சாவுக்குரிய இந்த உடலுக்கும் உயிர் கிடைக்கும். இந்த உடலுக்கு என்கிறார். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கம் சொருகும் கண்ணோடு இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்த உடலுக்கு.

பெயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2017 மே மாதத்தில் இம்பாசிபிள் நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர், போலராய்டு என்ற பெயரையும் உரிமைகளையும் விலைக்கு வாங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் போலராய்டு ஒரிஜினல்ஸ் என்றும், 2020 மார்ச்சில் வெறும் போலராய்டு என்றும் பெயர் மாறியது. பெயர், உழைத்த உடலைத் தேடி வந்து சேர ஒன்பது ஆண்டுகள். நம் ஊர்ப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடக்கிறது. ஓசூரில் வண்டி தயாரிக்கும் டிவிஎஸ், 1898இல் தொடங்கிய இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 2020 ஏப்ரலில் ஒரு கோடியே அறுபது லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பெயர் கையில் வந்துவிட்டது. உயிர் கொடுப்பது வண்டியைக் கட்டுகிற கைகளின் வேலை. அதை நம்மில் சிலரே எனக்கு விளக்கியிருக்கிறீர்கள்.

இப்போது நம்மைப் பார்ப்போம். எலத்தகிரியிலிருந்தும் கந்திகுப்பத்திலிருந்தும் கோவிலூரிலிருந்தும் பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவர்கள் நம்மில் பலர். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். அந்தப் பெயர் நமக்கு இருக்கிறது. வண்டியின் முன் கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் இருக்கிறது. வீட்டு வாசலில் சிலுவை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் விவிலிய வசனம் இருக்கிறது. பக்கத்து வீட்டு வாடகைக்காரர் ஒடிசாவிலிருந்து வந்த பையன், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது நமக்குத் தெரியாது. சர்தைக்குப் போன கடிதம் ஓசூருக்கும் வரலாம்.

இன்னொன்று. உயிர் பெறுவது என்றால் பழையதெல்லாம் அப்படியே திரும்புவது அல்ல. திரும்பக் கூடாததும் உண்டு. போலராய்டின் புகழ்பெற்ற காலத்திலேயே ஒரு கறை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் காட்ட வேண்டிய பாஸ் புத்தகத்துக்கு நொடியில் படம் எடுக்க, அந்த நிறுவனத்தின் கருவி பயன்பட்டது. 1970இல் அதே நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த கரோலின் ஹன்டரும், அங்கே நிழற்படக் கலைஞராக இருந்த கென் வில்லியம்ஸும் தற்செயலாக ஒரு மாதிரி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள். தங்கள் கம்பெனிக்கு எதிராகத் தாங்களே போராடத் தொடங்கினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. ஆனால் 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. உடனடிப் படத்தின் வரலாற்றில் எனக்கு மிக உயர்ந்த இடம் இதுதான், லேண்டின் ஆய்வுக்கூடத்தைவிடவும். படத்தை யாருக்கு எதிராக எடுக்கிறோம் என்று கேட்ட இரண்டு தொழிலாளர்கள்.

கழுத்தில் தொங்கும் டேக் ஒன்றை நாமும் சுமக்கிறோம். சில இடங்களில் அதன் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், இவர் பெர்மனென்ட், இவர் காண்ட்ராக்ட் என்று. ஒரே லைனில் ஒரே வேலை, கேன்டீனில் வேறு வரிசை. நாம் சூப்பர்வைசராகவோ ஹெச்.ஆரில் இருப்பவராகவோ இருந்தால், அந்த வரிசையைப் பற்றி என்றாவது கேள்வி கேட்டோமா? தவக்காலத்து ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது, மீன் சாப்பிட்டேனா கறி சாப்பிட்டேனா என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் மாநிலத்திலேயே ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் மத்திய அரசு தொடங்கியது, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு, 1967இல் உற்பத்தி ஆரம்பம். இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர். நம் அப்பா அம்மா கல்யாணப் படங்களில் பல அந்த ஃபிலிமில் எடுத்தவையாக இருக்கும். கலர் வந்தது, வெளிநாட்டுச் சரக்கு வந்தது, டிஜிட்டல் வந்தது. 1990களிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு நீண்ட இழுபறி, விருப்ப ஓய்வு, மூடல். வியன்னாவிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே உழைத்த குடும்பங்கள் இன்றும் நீலகிரியில் இருக்கின்றன. ஆண்டவர் அப்போதே வந்திருந்தால் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று மார்த்தாவும் மரியாவும் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னார்களே, அந்தக் குறையைச் சொல்ல அவர்களுக்கும் உரிமை உண்டு. இயேசு அந்தச் சகோதரிகளைக் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவரின் சாவில் நமக்கும் பங்கு இருக்கலாம். 1980களின் நடுவில் ஓசூரில் டைட்டன் வந்தது. குவார்ட்ஸ் கடிகாரம், பேட்டரியில் ஓடுவது. ஓசூருக்கு வாழ்வு தந்த தொழிற்சாலை, இன்றும் தருகிறது. அதே குவார்ட்ஸ், பக்கத்து பெங்களூரில் சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்களைத் தந்த எச்.எம்.டி.யைத் தேய்த்துவிட்டது. 2016இல் அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இன்று இளைஞர்கள் பழைய எச்.எம்.டி. ஜனதாவையும் பைலட்டையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். இதில் யார் மீதும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நாம் ஜெயித்த பக்கத்தில் இருக்கும்போது தோற்ற பக்கத்து வீடுகளில் என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்பது கிறிஸ்தவ வழக்கம், அவ்வளவுதான். நாளைக்கு எந்தப் பக்கத்தில் இருப்போம் என்று தெரியாது. பெட்ரோல் இன்ஜின் பாகங்களை மட்டுமே செய்கிற நம் சின்னச் சின்ன யூனிட்டுகளில் இருக்கிறவர்கள், மின்சார வண்டி ஓசையில்லாமல் ரோட்டில் போகும்போதெல்லாம் அதை நினைக்கிறார்கள்.

நம் பங்கில் கல்லறைக்குள் இருப்பவர்கள் யார்? எனக்குத் தெரிந்தவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன், பெயர் சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து வயதில் வேலை போனவர். காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார், எங்கே போகிறார் என்று வீட்டுக்குத் தெரியாது. குடியை விட்டு ஆறு மாதம் ஆனவர். அவர் எழுந்துவிட்டார், ஆனால் இன்னும் தள்ளாடுகிறார். நாமோ எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கணவனை விட்டு வந்த பெண், கோவிலுக்கு வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதால் இரண்டாம் பூசைக்குப் பின்வாசல் வழியாக வருகிறவர். இவர்களை ஆண்டவர் ஏற்கனவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து நிற்கிறார்கள். முகத்துத் துணி மட்டும் இருக்கிறது. அதை அவிழ்ப்பதற்குத் தனி வரம் ஒன்றும் வேண்டாம். நாற்றம் அடிக்கும் என்று தெரிந்தும் பக்கத்தில் போகிற மனசு வேண்டும்.

அதே நேரத்தில் நம்மிடையே போஸ்மன்களும் இருக்கிறார்கள். டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு டையைக் கையால் தடவியே பிழை சொல்லுகிறவர்கள். லேத், மில்லிங், கிரைண்டிங், வெல்டிங் எல்லாம் கற்றவர்கள். இப்போது காலையில் பேப்பர் படித்து, மாலையில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் அறிவு அவர்களோடு போய்விட்டால், அதைப் புத்தகத்திலிருந்து திரும்ப எடுக்க முடியாது. என்ஸ்கெடேயில் அந்தப் பத்துப் பேர் வராமல் இருந்திருந்தால், மெஷின்கள் வெறும் இரும்பு. இன்னொரு பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு, அப்ரன்டிஸ் காலம் முடிந்ததும் அனுப்பப்பட்டு, பைக் டாக்ஸி ஓட்டும் நம் பையன்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒருவரையொருவர் தெரியாமல் வெளியே போகிறது.

எனவே இந்த வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூடுகிறோம். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், வேலை தேடுகிறவர்கள், ஹெச்.ஆரில் இருப்பவர்கள் மூன்று தரப்பும் வர வேண்டும். பத்து பேர் வந்தாலும் நடத்துவேன். சனிக்கிழமைகளில் பாடம் எடுக்க யார் தயார், எந்த யூனிட்டில் மெஷின் தருவார்கள், பயிற்சிக்கு வரும் பையன்களுக்குப் பஸ் காசு யார் கொடுப்பது என்பதை மட்டும் அன்று பேசுவோம். ஒடியா, இந்தி பேசும் சகோதரர்கள் வந்தால் மொழிபெயர்க்க வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆள் பார்க்கட்டும். இரண்டாவது ஷிஃப்டில் இருப்பவர்கள் மனைவியிடமோ மகனிடமோ பெயர் கொடுத்து அனுப்பலாம். வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம், வியாழன் இரவு எட்டு மணிக்கு மேல் பங்கு இல்லத்துக்கு நேராக என்னிடம் வரலாம். பயோடேட்டா தமிழில் கையால் எழுதியிருந்தாலும் போதும்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.